இடது கம்பம், வலது தேனி

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். எனக்கு வாய் ஓடும் அளவுக்குப் பேனா ஓடாது. பத்தாம் வகுப்பில் தமிழ் வாத்தியார் என் கட்டுரையைப் படித்துவிட்டு, "இதுல முற்றுப்புள்ளி எங்கடா?" என்று கேட்டார். "கடைசியில இருக்கு சார்" என்றேன். அதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் நிம்மதியாக விட்டுவிட்டோம்.

இப்போது சின்னமனூரில் என் மாமனாரின் வாழைக்காய் மண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் உத்தமபாளையத்தில் ஒரு பாட்டுப் பதிவு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முப்பது வயதில் ரிட்டயர் ஆனவன் இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பென்ஷன் கிடையாது. காதுக்குள் ஒரு 'ங்' சத்தம் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது.

நான் விட்டு வந்த நாற்காலியில் இரண்டு பயல்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். போன மாதம் அந்த சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்து, திரையில் இருந்த பழைய குமிழ்களெல்லாம் இடம் மாறிவிட்டனவாம். சந்தேகம் கேட்க மண்டிக்கே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் வேறொரு கேள்வியும் கேட்டார்கள்.

"அண்ணே, ரெண்டு ஸ்பீக்கர்லயும் நெயில் பாலிஷ்ல கம்பம், தேனின்னு எழுதியிருக்கே. ஒண்ணு கம்பத்துல வாங்குனது, இன்னொண்ணு தேனில வாங்குனதா?"

"ஆமாப்பா. கம்பத்து ஸ்பீக்கரு தண்ணி காட்டாட்டிப் பாடாது, தெனம் ஒரு செம்பு வையி" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் ரஹமத்து அக்கா போன் செய்தது. "தம்பி, எந்திரத்துக்குப் பக்கத்துல செம்புல தண்ணி வச்சிருக்கானுக. நீதேன் சொன்னியாம். ஒழுங்கா உள்ளத எழுதிக் குடு. செவத்துல ஒட்டி வைக்கிறேன்."

அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. எழுதுகிறேன்.

ரஹமத்து அக்காதான் ஸ்டுடியோவின் முதலாளி, மேனேஜர், இன்ஜினியர் எல்லாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் டைப்பிங், ஜெராக்ஸ், கேசட் பதிவு மூன்றையும் ஒரே அறையில் நடத்தி வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். கேசட் ஓய்ந்து சி.டி. தலையெடுத்த நேரத்தில், ஊருக்கு வந்த உறவுக்காரர் ஒருவரிடம் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தனுப்பினார். பாட்டுப் பதிவு செய்யும் சாஃப்ட்வேரை அக்கா மதுரைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தது. கற்றுக்கொடுக்க ஆள் வரவில்லை. அக்காவுக்கு ஆங்கில எழுத்து எல்லாம் தெரியும், எனக்குப் பெரிய எழுத்து மட்டும் தெரியும். இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே இறங்கினோம்.

முதல் நாளே குமிழோடு சண்டை. திரையில் வட்ட வட்டமாகக் குமிழ்கள் வரைந்திருந்தன. வட்டமாக இருப்பதைத் திருகத்தானே வேண்டும் என்று மவுஸை வட்டமாகச் சுற்றினேன். முள் கொஞ்சம் ஏறியது, உடனே இறங்கியது, மறுபடி ஏறியது. நான் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"மாவாட்டுறியா தம்பி?" என்றது அக்கா. "நேரா மேல தள்ளு. அது தானாச் சுத்தும்."

தள்ளினேன். சுற்றியது.

"வட்டமா வரஞ்சு வச்சுட்டு நேராத் தள்ளச் சொல்றது என்னக்கா நியாயம்?"

"வரஞ்சவன்கிட்டப் போயிக் கேளு."

அடுத்தது எம், எஸ் பொத்தான்கள். ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு வாத்தியமும் திரையில் தனித்தனி வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிசையின் தலையிலும் இந்த இரண்டு பொத்தான்களும் உண்டு. எம் என்றால் மியூசிக், எஸ் என்றால் சிங்கர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பாடகரின் வரிசையில் எஸ்ஸை அமுக்கினேன். மற்றதெல்லாம் அடங்கி அவர் குரல் மட்டும் கேட்டது. என் முடிவு சரிதான். கீபோர்டு வரிசையில் எம்மை அமுக்கினேன். கீபோர்டு நின்றுவிட்டது. மியூசிக் பொத்தானை அமுக்கினால் மியூசிக் ஏன் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் ஊர் சுவிட்சுகளில் பாதி தலைகீழாகத்தானே மாட்டியிருக்கும். ரொம்ப நாள் அந்த ஞானத்தோடுதான் வேலை பார்த்தேன். ஒரு நாள் கை தவறித் தவில் வரிசையில் எஸ்ஸை அமுக்கிவிட்டேன். தவில் மட்டும் தனியாக முழங்கியது.

"அக்கா, தவில்காரரு சிங்கர் ஆயிட்டாரு."

அக்கா எட்டிப் பார்த்து, என் விளக்கத்தைக் கேட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்விட்டது. திரும்பி வர நேரம் ஆனது. வந்த பிறகுதான் எம் என்றால் வாயடைப்பு, எஸ் என்றால் தனிக்கச்சேரி என்று சொல்லித் தந்தது.

பூதக்கண்ணாடிப் பொத்தான் கதையும் உண்டு. அதை அமுக்கியதும், திரையில் மேடும் பள்ளமுமாகத் தெரியும் பாட்டின் அலை அகன்றுகொண்டே போய்த் திரைக்கு வெளியே நீண்டுவிட்டது. "அக்கா, பாட்டை இழுத்துட்டேன், குமுளி வரைக்கும் போயிருச்சு" என்று அலறினேன். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும் என்பதைப் புரியவைக்க அக்கா ஒரு ஊசியைக் கொண்டுவந்து என் கண்ணுக்குப் பக்கத்தில் நீட்டியது. உடனே புரிந்துவிட்டது.

அக்கா சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. குரல் தாழத் தாழத்தான் பயப்பட வேண்டும். மவுஸின் வலது பொத்தானை அமுக்கினால் என்னென்னமோ பட்டியல் திறக்கிறது என்று, முதல் மாதம் முழுவதும் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தது. வடை தின்ற கையோடு கீபோர்டுப் பக்கம் வந்தால் பேசாமல் சோப்பை எடுத்து நீட்டும். பாட்டு நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்கும்போது திரையை அணைத்துவிடும். "அலையப் பாத்தா நல்லாத்தேன் இருக்கும். பாட்டக் கேளு."

அக்காவின் முக்கியமான சட்டம், சொல்லிவிட்டுத் தொட வேண்டும். எந்தக் குமிழைத் தொடப் போகிறோமோ அதன் பெயரை முதலில் வாயால் சொல்ல வேண்டும். பிறகுதான் கை போகலாம். சொல்லாமல் தொட்டால், தொட்டதைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒன்றைத் தொடுவதாக நினைத்து இன்னொன்றை நகர்த்திவிட்டு, எதை நகர்த்தினோம் என்று தேடி அரை நாள் கழித்த அனுபவத்தில் வந்த சட்டம் அது.

எனக்குப் பெயர்தான் வாயில் நுழையவில்லை. ஒரு குரலை இடது ஸ்பீக்கருக்கோ வலது ஸ்பீக்கருக்கோ ஒதுக்கும் குமிழுக்கு 'பேன்' என்று பெயர். நான் "ஃபேனை வலது பக்கம் திருப்புறேன்க்கா" என்பேன். அக்கா தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியைப் பார்க்கும். தலையில் ஊறுகிற பேன்தானா என்று நான் கேட்டதற்கு அன்றைக்கு டீ கிடைக்கவில்லை.

"ஒனக்கு மறக்காத மாதிரி ஒரு பேர வச்சுக்க. ஆனா வாயால சொல்லு" என்றது கடைசியில்.

எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் மெயின் ரோடு. திரையைப் பார்த்து உட்கார்ந்தால் இடது கைப் பக்கம் போகிற பஸ் கம்பத்துக்கு, வலது கைப் பக்கம் போகிறது தேனிக்கு. நாள் முழுக்கக் கண்டக்டர்கள் கீழே கத்திக்கொண்டே இருப்பார்கள். அதையே எடுத்துக்கொண்டேன். இடது ஓரம் கம்பம், வலது ஓரம் தேனி, நட்டநடு உத்தமபாளையம். லேசாக வலது என்றால் சின்னமனூர். லேசாக இடது என்றால் அனுமந்தன்பட்டி. சத்தத்தை ஏற்றி இறக்கும் நீளப் பட்டைக்கு, வாய்க்கால் மதகில் இருப்பது போல ஷட்டர் என்று பெயர். எதிரொலிக்குச் சுருளி. அருவிப் பக்கம் கத்தினால் வருமே, அந்தச் சத்தம்.

அக்கா முதலில் முறைத்தது. பிறகு ஒரு நாள் தன்னை மறந்து, "தம்பி, அந்தப் புல்லாங்குழல வீரபாண்டிலயே நிறுத்து, தேனி வரைக்கும் போக வேணாம்" என்றது. அன்றைக்குச் சாயங்காலமே நெயில் பாலிஷ் வாங்கி வந்து ஸ்பீக்கரில் எழுதிவிட்டேன்.

பயல்களா, ஸ்பீக்கர் கதை இவ்வளவுதான். செம்பை எடுத்துவிடுங்கள்.

பாட வருகிறவர்களைத் திரைப் பக்கம் விடவே கூடாது என்பது அக்காவின் இன்னொரு சட்டம். அதை மீறி ஒருவர் வந்தார். பிரசாரப் பாட்டுப் பாடுகிறவர். தன் குரலின் ஷட்டர் மற்றதைவிடத் தாழ்ந்து நிற்கிறது என்று கண்டுபிடித்து, ஏற்று ஏற்று என்று நச்சரித்தார். அக்கா ஒரு காலி வரிசையைத் திறந்து, அதில் அவர் பெயரை எழுதி, ஷட்டரை உச்சி வரைக்கும் ஏற்றியது. ஒரு சொட்டுச் சத்தம்கூட அதில் இல்லை.

"இப்ப எப்படிண்ணே இருக்கு?"

"ஆங், இப்பத்தேன் கணீர்னு இருக்கு" என்று போனார். அதன் பிறகு அந்த வரிசைக்கு நிரந்தர வேலை கொடுத்துவிட்டோம்.

இனி, செவத்தில் ஒட்டுவதற்குத் தகுதியான ஒரே ஒரு கதை.

காமாட்சி அக்காவும் ராசு மாமாவும் மேடையில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடும் புருசன் பொண்டாட்டி. காமாட்சி அக்காவுக்குக் கம்பம். ராசு மாமாவுக்குக் கெங்குவார்பட்டி, தேனியைத் தாண்டிப் பெரியகுளம் பக்கம். மாமா மில் வேலையை விட்டுவிட்டு அக்காவோடு மேடை ஏறியவர். கம்பம் பக்கமெல்லாம் இரண்டு பேருக்கும் நல்ல பெயர். ஆனால் மாமாவின் சொந்த ஊரில் மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. காரணம் மாமாவின் அண்ணன் தங்கவேலு. ஊர்த் திருவிழாக் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். "பொண்டாட்டிக்கு மைக்குத் தூக்குறவன்" என்றுதான் தம்பியைப் பற்றிச் சொல்லுவார். மாமா ஊர்ப்பக்கம் போவதையே குறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் கமிட்டியில் இளவட்டங்கள் சிலர் சேர்ந்து, பாடுகிறவர்கள் எல்லாரும் சி.டி. கொடுக்கட்டும், பந்தலில் போட்டுக் கேட்டு முடிவு செய்யலாம் என்று பேசிவிட்டார்கள். தங்கவேலுவால் தட்ட முடியவில்லை. அதற்காகத்தான் இரண்டு பேரும் எங்களிடம் வந்தார்கள்.

மாமா என்னிடம் தனியாகச் சொன்னார். "மாப்ள, அவ பாட்டு ஊரு ஒலகத்துக்கே தெரியும். எங்கண்ணன் காதுல ஏங்கொரலு விழுகணும். அது போதும்."

பாட்டு கேள்வியும் பதிலுமாகப் போகும். பூ வாங்கப் போன புருசன் நேரங்கழித்து வருகிறான். பொண்டாட்டி விசாரணை நடத்துகிறாள்.

"மல்லியப்பூ வாங்கப் போன மச்சானே
மழ விட்டும் வரலியே, எங்கன நின்னீக?"

"மழ விட்டும் தூறலடி மயிலே, நான்
மாந்தோப்பு ஓரமா ஒதுங்கி நின்னேன்."

"யாரு கூட நின்னீக?" என்பது அடுத்த கேள்வி. "மடியில என்னத்த மறைச்சீக?" என்பது மூன்றாவது. மறைத்து வைத்திருப்பது அவளுக்கு வாங்கிய கொலுசு. அங்கேதான் பாட்டே திரும்பும்.

பதிவு அருமையாக வந்தது. குரலையும் வாத்தியத்தையும் ஒன்றாகக் கோர்க்கிற அன்றைக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டு இருந்தோம். நான் குமிழில் கை வைக்கும் முன் சட்டப்படி வாயைத் திறந்தேன்.

"காமாட்சி அக்கா எந்த ஊரு?"

"கம்பம்" என்றது காமாட்சி அக்கா.

"அப்பக் கம்பத்துலயே நில்லுங்க. மாமா தேனிக்கு அங்கிட்டு. அவரத் தேனில நிறுத்துறேன்."

குமிழைக் கம்பத்து ஓரம் வரைக்கும் திருகி அக்காவை நிறுத்தினேன். மாமாவைத் தேனி ஓரம் வரைக்கும். தவிலும் கீபோர்டும் உத்தமபாளையத்தில். ஹெட்போனை மாட்டிக் கேட்டால், ஒரு காதில் பொண்டாட்டி கேட்கிறாள், மறு காதில் புருசன் பதில் சொல்கிறான். நடுவில் நாம் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"கலியாணம் ஆனதுல இருந்து இப்பத்தேன் மாப்ள, அவ இவ்வளவு தூரத்துல இருந்து பேசுறா" என்றார் மாமா. காமாட்சி அக்கா அவர் தோளில் ஒரு அடி வைத்தது. ரஹமத்து அக்காவும் கேட்டுவிட்டு, "ஊரு ஊரா நிறுத்துனது நல்லாத்தேன் இருக்கு" என்றது. சி.டி. அடித்தாகிவிட்டது.

கெங்குவார்பட்டிக்கு அவர்கள் இரண்டு பேரோடு நானும் போனேன். சும்மா வேடிக்கை பார்க்கத்தான். பந்தலில் பாதிக் கூரை வேய்ந்திருந்தது. புளிய மரத்தில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர்கள். மர நிழலில் மேசை போட்டு, ஆம்ப்ளிஃபயரும் சி.டி. போடும் பெட்டியும் வைத்து மைக்செட் மொக்கைச்சாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். எதிரே நாற்காலிகளில் கமிட்டி. நடு நாற்காலியில் தங்கவேலு. சுற்றிலும் ஊர்ச்சனம்.

முதலில் வேறு இரண்டு பார்ட்டிகளின் சி.டி. ஓடியது. பிறகு எங்களுடையது. தவில் முழங்கியது. மரமே அதிர்ந்தது. காமாட்சி அக்கா குரல் எடுத்தது.

"மழ விட்டும் வரலியே, எங்கன நின்னீக?"

தவில் மட்டும் ஓடியது. பதில் இல்லை.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"யாரு கூட நின்னீக?"

மறுபடியும் வெறும் தவில். பெண்கள் பக்கத்தில் களுக்கென்று ஒரு சிரிப்பு கிளம்பியது. "எவ கூட நின்னானோ, சொல்ல மாட்டேங்கிறான்" என்றது ஒரு ஆத்தா.

தங்கவேலு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாத்தீகளா? பொண்டாட்டி கேக்குறா, இவன் வாயத் தொறக்கல. வீட்லயும் இதே கததேன். ஏலே ராசு, இதுக்கா மில்லு வேலைய விட்ட?"

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்தவர் துண்டை எடுக்கவே இல்லை.

நான் மேசைக்கு ஓடிப் பெட்டியின் முதுகைத் திருப்பினேன். வெள்ளை ஓட்டை ஒன்று, சிவப்பு ஓட்டை ஒன்று. வெள்ளையில் மட்டும் ஒரு ஒயர் செருகியிருந்தது. சிவப்பு சும்மா கிடந்தது. வெள்ளை இடது. கம்பத்துப் பஸ் மட்டும் ஓடுகிறது, தேனி ரோடு அடைத்துக் கிடக்கிறது.

"அண்ணே, இன்னொரு ஒயரு எங்க?"

"எதுக்கு? கூம்புக்கு ஒரு ஒயரு போதும். எங்கய்யா காலத்துல இருந்து ஒண்ணுதேன்."

"இந்தா, இந்தச் செவப்புக்குள்ளதேன் ராசு மாமா இருக்காரு."

மொக்கைச்சாமி அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. வாத்தியம் மட்டும் ஓடுகிற இடம் வந்துவிட்டது. அது முடிந்ததும் மூன்றாவது கேள்வி. அதற்கும் பதில் வராவிட்டால் மாமா கொலுசுக்குப் பதிலாக வேறு எதையோ மடியில் மறைத்ததாகத்தான் ஊர் நினைக்கும்.

"அண்ணே, ஒயர அறுத்து ரெண்டாக்கிரலாமா?"

"ஏலே, எந்தொழில்ல கைய வச்ச, கைய ஒடிச்சிருவேன்."

"அப்ப ஒண்ணு செய்யிங்க. நான் தேனின்னு சொன்னதும் சத்தத்தக் கொறைங்க. நான் பிடுங்கி மாத்திக் குத்துனதும் ஏத்துங்க."

"தேனியா? நீ என்னடா கண்டக்டரா?"

அதற்குள் கேள்வி வந்துவிட்டது. "மடியில என்னத்த மறைச்சீக?" தங்கவேலு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"தேனி" என்றேன்.

அண்ணன் அனிச்சையாகக் குமிழைத் திருகினார். முழுதாகத் திருகவில்லை. நான் வெள்ளையிலிருந்து பிடுங்கிச் சிவப்பில் குத்தினேன். கூம்புகள் 'க்ர்ர்ம்' என்று ஒரு உறுமல் உறுமின. அதன் பின்னாலேயே மாமாவின் குரல் மரத்தை விட்டு இறங்கி வந்தது.

"கொலுசு வாங்கி வந்தேனடி மயிலே, நீ
கோவிச்சாச் சத்தம் போடுமுன்னு மறைச்சேன்."

அந்த ஆத்தா, "அடப்பாவி மகனே, கொலுசா?" என்று சிரித்த சிரிப்பில் பெண்கள் பக்கம் முழுவதும் சேர்ந்துகொண்டது.

"கம்பம்" என்றேன். பிடுங்கிக் குத்தினேன். காமாட்சி அக்கா கேட்டது. "தேனி." 'க்ர்ர்ம்.' மாமா பதில் சொன்னார். பாட்டு எனக்கு மனப்பாடம். அலையலையாக வெட்டி ஒட்டியவன் நான்தானே. எந்த வார்த்தையில் யார் மூச்சு விடுவார் என்பதுவரை தெரியும். மொக்கைச்சாமி அண்ணனும் இரண்டு சரணத்துக்குள் பழகிவிட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே குமிழ் இறங்கியது. ஆனால் சிவப்பில் குத்தும்போது வரும் அந்த உறுமலை மட்டும் எங்களால் ஒழிக்க முடியவில்லை. மாமா ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் தொண்டையைச் செருமுகிற மாதிரியே விழுந்தது. பொண்டாட்டிக்குப் பதில் சொல்கிறவன் செருமிவிட்டுத்தானே சொல்வான். சனம் அதற்கே சிரிக்க ஆரம்பித்தது.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து பாடும் இடம் நெருங்கியது. என்னிடம் இருப்பது ஒரு ஒயர். கம்பமா, தேனியா? நிமிர்ந்தேன். காமாட்சி அக்கா மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை.

"எதத் தொடப் போற?" என்று கேட்டது, ரஹமத்து அக்கா மாதிரியே.

"தெரியலக்கா."

"தேனியவே விடு."

சிவப்பில் ஒயரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கூம்பில் மாமா குரல் தனியாக எழுந்தது. காமாட்சி அக்கா மைக் இல்லாமல், நின்ற இடத்திலேயே தன் பங்கைப் பாட ஆரம்பித்தது. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பின்வரிசைக்கு அக்கா குரல் எட்டியிருக்காது. அவர்களுக்கு ராசு மாமா குரல் மட்டும்தான் கேட்டிருக்கும். மாமா முகத்திலிருந்து துண்டை எடுத்தார்.

பாட்டு முடிந்ததும் இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். எல்லாரும் தங்கவேலுவைப் பார்த்தார்கள். அவர் வேட்டியை உதறி எழுந்து தம்பிக்கு முன்னால் வந்து நின்றார்.

"சளி பிடிச்சிருக்காடா?"

"இல்லண்ணே."

"பெறகென்ன, வரிக்கு வரி செருமுற?"

மாமா என்னைப் பார்த்தார். நான் புளிய மரத்தைப் பார்த்தேன்.

"பாட்டுக்கு அது வேணும்ணே" என்றார் மாமா.

"ம். நல்லாத்தேன் இருக்கு. திருவிழாலயும் செருமு" என்று சொல்லிவிட்டுத் தங்கவேலு கமிட்டிப் பக்கம் திரும்பினார். "இவுகளையே போடுங்கப்பா. நோட்டீசுல ரெண்டு பேரு பேரும் வரட்டும். இவன் பேரு மொதல்ல." பெண்கள் பக்கம் முனகல் எழுந்தது. "சரி, அவுக பேரே மொதல்ல."

உத்தமபாளையத்துக்குத் திரும்பி ரஹமத்து அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். முந்தானை வாய்க்குப் போனது, அக்கா படிக்கட்டுக்குப் போனது. திரும்பி வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பாட்டைத் திறக்கச் சொன்னது.

"ரெண்டு பேரையும் உத்தமபாளையத்துல எறக்கி விடு."

"கம்பம், தேனி?"

"பக்கத்துப் பக்கத்துல நிக்கட்டும். புருசன் பொண்டாட்டிதானே."

அன்றிலிருந்து புதுச் சட்டம் ஒன்று வந்தது. எந்தப் பாட்டையும் வெளியே கொடுக்கும் முன் ஒரு ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை முழுதாகக் கேட்க வேண்டும். பிறகு மற்றதைப் பிடுங்கிவிட்டு இன்னொரு தடவை. எந்தப் பக்கம் கேட்டாலும் எல்லாரும் உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். புதுப் பதிப்பில், இரண்டு பக்கத்திலும் எல்லாரும் கேட்கும்படி கலந்துவிட ஒரு பொத்தானே இருக்கிறது பயல்களா. ஒன்றோடு ஒன்று கோர்த்த இரண்டு வளையம் போட்டிருக்கும். அதை அமுக்காமல் சி.டி. அடித்தால் அக்கா சத்தம் போடாது. அதுதான் பயம்.

திருவிழாவில் ராசு மாமா நேரிலேயே செருமினார். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பக்கம் செருமாமல் பாடினால் விடமாட்டேன் என்கிறார்களாம். நல்ல குரலைக் கெடுத்துவிட்டாயே மாப்ள என்று என்னைத் திட்டிக்கொண்டே அவரும் செருமுகிறார். மாமா முறை எல்லாம் போய் இப்போது நாங்கள் வெறும் சேக்காளிகள். மண்டிக்கு வந்தால் ஒரு சீப்பு பழம் தின்னாமல் போகமாட்டார்.

இதை ரஹமத்து அக்காவிடம் கொடுக்கும் முன், மாமாவுக்கு ஒரு பிரதி அனுப்பி வைத்தேன். அவர் துண்டால் முகத்தை மூடியதை எழுதலாமா, அவர் அண்ணன் பேசியதை எடுத்துவிடட்டுமா, படித்துவிட்டு அவர் மனதில் இருப்பதைச் சொன்னால் திருத்துகிறேன் என்று கேட்டிருந்தேன். இன்று காலை என் செல்போனுக்கு ஒரு வரி வந்தது.

"உங்க காமாட்சி அக்கா படிச்சுக்கிட்டிருக்கா மாப்ள, அவ முடிச்சதும் நான் என்ன நெனச்சேன்னு சொல்றேன்."